கலேராசின் சூட்டைக் கல்லில் இறக்கியவர்

பாஸ்தோ நகரத்துக்கு மேலே கலேராஸ் எரிமலை கரும்புகை கக்கிக்கொண்டிருந்தது. சரிவிலுள்ள ஊர்க்காரர்களை இறங்கச் சொல்லி அரசாங்கம் லாரிகளை அனுப்பியிருந்தது. லாரிகள் காலி. கூட்டமெல்லாம் எவரிஸ்தோவின் கூடாரத்தில்! எரிமலையின் சூட்டையே கல்லில் இறக்கி விரட்டுகிற மகான் அல்லவா அவர்?

வீட்டு முற்றத்திலிருந்து ஒரு கல் கொண்டுபோக வேண்டும். காணிக்கைக்குக் கோழியோ கினிப்பன்றியோ. மலைக்கு அப்படியொரு பசி. வெள்ளைச் சாம்பல் பரப்பிய தட்டில் கல்லை வைத்துத் தீர்த்தம் தெளிப்பார். புஸ்ஸென்று ஆவி கிளம்பும்.

"சூடு இறங்கிருச்சு. இனி உன் வீட்டை மலை தொடாது!"

சொய்லா லாரியில் ஏற்றிய மூட்டைகளை அவள் கணவன் செகுந்தோ இறக்கிக்கொண்டிருந்தான். வீட்டில் மருமகள் நிறைமாதம்.

"தொண்ணூத்து மூணுல மலை வாய்க்குப் போன ஒம்பது பேரு திரும்பலையே, மறந்துட்டியா?" என்றாள் சொய்லா.

"அப்ப எவரிஸ்தோ சாமி இங்க இல்லையே!"

அடடா, என்ன அறிவு! சொய்லா அடுப்படியிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்கு நடந்தாள். ஊரே பகையாகிவிடுமோ என்ற பயம் இல்லாமலில்லை. செகுந்தோவும் பின்னாலேயே ஓடினான்.

"ஐயா, இதை வைங்க."

"கல்லுலதாம்மா மலையோட உசிரு இருக்கு. கிழங்கெல்லாம் ஆகாது!"

"அப்ப புகையாதுல்ல? பாத்துருவோம்."

தடுப்பதற்குள் கிழங்கைத் தட்டில் வைத்துத் தண்ணீரை ஊற்றினாள். கல்லைவிட அமோகமாகப் புகைந்தது கிழங்கு!

"ஏய்யா செகுந்தோ, நம்ம கிழங்குக்குள்ளயும் எரிமலை இருக்குதாம். இனிமே சூப்பு வைக்கவே பயமாருக்கு!"

யாரோ குபீரென்று சிரித்தார்கள். சொய்லா கிழங்கை எடுத்துவிட்டு, வெறும் சாம்பலில் மறுபடி ஊற்றினாள். அதுவும் கொதித்தது.

"சுட்ட சுண்ணாம்புடா இது! சுவத்துக்கு அடிக்கிறோமே, அதேதான்!" என்றது ஒரு குரல்.

"நம்பிக்கையில்லாத கை பட்டிருச்சு!" என்று கத்தியபடி மகான் தன் வண்டியைப் பார்த்து ஓடினார். மலையை அடக்கியவர், வண்டியை மட்டும் இறக்கம் பார்த்தே நிறுத்தியிருந்தார். கோழிகளை மீட்டவர்கள் லாரிகளில் ஏறினார்கள். முதலில் ஏறியவன் செகுந்தோ. மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே மலை வெடித்தது. மகான் காப்பாற்றிய வீடுகளும் சேர்ந்தே சாம்பல் பாரத்தில் சரிந்தன. உள்ளே ஆளில்லை.

அரசாங்கம் போட்ட முகாமில் மருமகள் பேத்தியைப் பெற்றாள். ஒருத்தி தன் குழந்தையோடு சொய்லாவிடம் ஓடிவந்தாள்.

"உங்க கையில ஏதோ சக்தி இருக்கும்மா. இவன் தலையில கை வைங்க!"

சொய்லா தலையிலடித்துக்கொண்டாள்.

"என் கை எதுக்குடி? அந்தத் தலைக்குள்ள மூளைன்னு ஒண்ணு இருக்கும். பெரியவனானதும் அதை எடுத்து யோசிக்கச் சொல்லு. உன்னை மாதிரி புதுசாவே மூடி வெச்சிரப் போறான்!"