ஆற்றில் உன் பெட்டி எது?

என் உடன்பிறந்த குட்டிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் ஐந்தாம் வகுப்போடு ஓய்வெடுத்துக்கொண்ட என் கையெழுத்தைத் தட்டி எழுப்பி உட்காரவைத்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நர்ஸ் வேலை பார்த்தவள் நீ, டாக்டர்களின் சீட்டையே படித்தவள், இதையும் படித்துவிடுவாய்.

பேத்தி என்ன வேலை பார்க்கிறாள் என்று யார் கேட்டாலும் நான் "ஆறு செய்கிறாள்" என்றுதான் சொல்வேன். கார்ட்டூன் படத்துக்கான ஆறு என்பதை அவர்கள் வாயைப் பிளந்து முடித்த பிறகு சொல்வேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், கம்ப்யூட்டரில் சின்னச் சின்னப் பெட்டிகளை வைத்து, பெட்டிக்குப் பெட்டி நூல் இழுத்துக் கட்டுகிறாள். ஒரு பெட்டி அலையைக் கொடுக்கும், ஒன்று நுரையைக் கொடுக்கும், ஒன்று கரையில் போய் மோதச் சொல்லும். சாயங்காலம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அவள் வேலை செய்யும்போது நான் பக்கத்து நாற்காலியில் இருப்பேன். கருநீல வெளிச்சத்தில் பெட்டிகள் மிதந்துகொண்டிருக்கும். அவள் ஒன்றைப் பிடித்து நகர்த்தினால் எல்லா நூலும் கூடவே அசையும், கொடியில் காயும் துணி காற்றுக்கு அசைகிற மாதிரி. பார்த்துக்கொண்டே கண் சொக்கிவிடும். அப்புறம் அந்த ஆறு மேசைக்கு அடியில் வழிந்து வந்து என் பாதத்தைத் தொடும். விழித்துப் பார்த்தால் கால் நிஜமாகவே ஜில்லென்றிருக்கும். ஃபேன் காற்று என்பாள் அவள். இருக்கட்டும்.

பிரசவத்துக்கு லீவு போடும் முன் இந்த ஆற்றை ஆபீஸில் இன்னொரு பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பெண் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது ஆறா, நூல்கண்டா?" என்று கேட்டிருக்கிறாள். எந்தப் பெட்டி எதற்கு என்று எழுதிவைக்க நம்மவளுக்கு நேரமுமில்லை, நிமிர்ந்து உட்காரத் தெம்புமில்லை. அதனால் தானாகவே குறிப்பு எழுதும் மெஷின் ஒன்றை உள்ளே ஏவிவிட்டாள். அது ஒவ்வொரு பெட்டியாக முகர்ந்து பார்த்து, பக்கத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொண்டே போயிற்று. வம்பு என்னவென்றால், இவள் பெட்டிகளுக்கு வைத்ததெல்லாம் வீட்டுப் பெயர். பாறைக்கு "அப்பா" என்று வைத்திருந்தாள். சீட்டில் மெஷின், "அப்பா: எதிரே வருவதைத் தடுக்கிறது. காரணம் குறிப்பிடப்படவில்லை" என்று எழுதியிருந்தது. என் மகன் அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க எதையும் வேண்டாமென்று சொல்லவில்லை. என் பெட்டிக்கு, "பாட்டி: பெரிய அலைகளை உண்டாக்குகிறது. நிறுத்தும் வசதி இல்லை." எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் உனக்கு போனில் வாசித்துக்கொண்டே வந்தவள், "சின்னப் பாட்டி: இதை நீக்கினாலும் விளைவில் மாற்றம் இல்லை" என்று படித்தாள். நாங்கள் சிரித்தோம். நீ "சரி, வைக்கிறேன்" என்றாய். லைன் போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். எனக்கா தெரியாது, லைன் போகிற சத்தமும் நீ போகிற சத்தமும்? திரும்ப நான் கூப்பிட்டபோது நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது: "ஆத்துலேருந்து தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் ஆகாதவ, பிரசவத்துக்கு மட்டும் எதுக்குக்கா?" அதற்குப் பிறகு நீ போனே எடுப்பதில்லை. அவளிடம் நான் மூச்சுவிடவில்லை. "சின்னப் பாட்டி பக்கத்துல நின்னா போதும், எனக்குப் பயமில்ல" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

இப்போது இதைக் கேள். மெஷின் சொல்லிவிட்டதே என்று அவள் அந்தப் பெட்டியை எடுத்தேவிட்டாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஓடவிட்டதும் ஆறு ஓடியது, ஆனால் துடைத்துவிட்ட தரை ஓடுகிற மாதிரி ஓடியது. மினுமினுப்பு இல்லை, சிலிர்ப்பு இல்லை. நாற்காலியில் எனக்குத் தூக்கமே வரவில்லை. பாதமும் காய்ந்தே கிடந்தது. அவள் உட்கார்ந்து தோண்டிக் கண்டுபிடித்தாள்: மெஷின், ஓடாமல் நிற்கும் முதல் படத்தை மட்டும் பார்த்துச் சீட்டு எழுதியிருக்கிறது. அந்தப் பெட்டிக்கு வேலையே தண்ணீர் நகர ஆரம்பித்த பிறகுதான். உடனே திரும்ப வைத்து, மெஷின் எழுதியதை அழித்துவிட்டுத் தானே எழுதினாள்: "இதை யாரும் தொடாதீங்க. தண்ணி தண்ணியா தெரியறதே இதாலதான்." கேட்டாயா? ஆற்றின் மினுமினுப்பே நீதானடி. கடைசிப் பெட்டிக்குக்கூட "குட்டி" என்று பெயர் வைத்திருக்கிறாள், வயிற்றில் இருப்பதை நினைத்துத்தான். நீ போனை வைத்ததில் அந்தச் சீட்டை அவள் வாசிக்கவே இல்லை. கோபத்தை மடித்து அடியில் வைத்து, அதன்மேல் புடவைகளை அடுக்கி, கிளம்பி வா.

வீட்டில் எல்லோரும் உன்னை விசாரித்ததாக எழுதிக்கொள்கிறேன். இப்படி ஒரு கடிதம் போவதே அவர்களுக்குத் தெரியாது. நீயும் உன் முழங்காலும் சண்டையில்லாமல் நெடுநாள் சேர்ந்திருக்க என் ஆசீர்வாதம்.

உன் அக்கா

பி.கு.: எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதைப் பேத்தியிடமே கொடுத்துவிட்டேன். அவளிடம் மறைத்ததெல்லாம் இதில்தான் இருக்கிறது என்பது கொடுத்த பிறகுதான் உறைத்தது. படித்துவிட்டு அவள், "சின்னப் பாட்டின்னா அவங்க இல்ல பாட்டி, நீங்க. உங்க பெட்டியையே காப்பி எடுத்து, அலைய மட்டும் சின்னதாக்கி வச்சேன்" என்றாள். ஆக, தூக்கிப் போட்டாலும் ஒன்றும் ஆகாதவள் நான். மினுமினுப்பும் நான்தான், அதைத் திருப்பிக் கொடுத்துவிடு. அப்படியானால் என் தங்கையின் பெட்டி எங்கே என்று அவளிடம் கேட்டேன். "நீங்க போன்ல அவங்கள என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று சொல்லி அந்தக் கடைசிப் பெட்டியைக் காட்டினாள். மஞ்சள் சீட்டில் இருந்தது: "குட்டி: எல்லா இணைப்புகளும் இங்கே வந்து சேர்கின்றன. இது இல்லாமல் எதுவும் வெளியே வராது." அதை மட்டும் அவள் திருத்தவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டியவள் இப்போது நான் என்பதால், போன் நீதான் செய்ய வேண்டும்.