எல்லைக்கு வெளியே ஓர் எச்சில் இலை

பந்தியில் உட்கார்ந்து சாப்பிட எல்லாருக்கும் தெரியும். எச்சில் இலையை யார் எடுப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. நான் யோசிக்காததால் என் கல்யாணமே நின்றுபோயிருக்கும்.

ஸ்ரீரங்கத்தில் வீடு, தில்லை நகரில் மென்பொருள் வேலை. கூட வேலை பார்த்த கயல்விழியைக் காதலித்தேன். அவள் அப்பாவுக்குத் தொட்டியத்தில் வாழைத்தார் மண்டி. வியாபாரிகள் செல்போனிலேயே ஏலம் கேட்க ஓர் ஆப் செய்து கொடுத்திருந்தேன். அது நடுநடுவே உறைந்துபோகும்; அந்நேரம் கேட்ட விலை காணாமல் போகும். "ஏலம் நிக்காம ஓடட்டும் தம்பி, அப்புறம் பொண்ணு விஷயம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டார் மனுஷர்.

புரோகிராமின் மெமரிக்குள் ஒரு துப்புரவு ஏற்பாடு உண்டு. வேண்டாத தகவலை அதுவே அள்ளிப்போடும்; அள்ளும்போது மற்ற வேலையெல்லாம் நிற்கும். அதனால்தான் உறைகிறது. நான் என்ன செய்தேன், ஏல விலைகளை அந்தத் துப்புரவின் எல்லைக்கு வெளியே இருக்கிற மெமரியில் கொண்டுபோய் வைத்தேன். (மூளை! மூளை!) வெளியே வைத்ததை நாமேதான் அப்புறப்படுத்த வேண்டும். அதை மட்டும் எழுத மறந்தேன்.

மண்டியில் கயலும் நானும் பக்கத்தில் நிற்க, ஏலம் தொடங்கியது. ஆப் பிய்த்துக்கொண்டு ஓடியது. "பரவாயில்லையே மாப்பிள்ளை!" என்று அவர் முதல்முறையாக அப்படிக் கூப்பிட்டு முதுகில் தட்டிய அதே சமயம், லேப்டாப்பில் மெமரி நிரம்புவதைக் காட்டும் கோடு ஏறுவதைப் பார்த்தேன். ஏறியது இறங்கவே இல்லை. நிறுத்தினால் அதுவரை கேட்ட விலைகள் அழியும். நிறுத்தாவிட்டால் தானே படுத்துவிடும். கயல் என் முகத்தைப் பார்த்து, "என்னடா ஆச்சு?" என்றாள். ரங்கா, இந்தப் பூவன் தார்கள் ஏலம் போகும்வரை மட்டும் தாங்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தாங்கவில்லை. எல்லார் செல்போன் திரையும் ஒன்றாக வெளுத்தது.

"நான்தாங்க கடைசியா கேட்டேன்!"

"யோவ், பொய் சொல்லாதய்யா!"

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "தாரு வெயில்ல கெடக்குதுங்க!" என்று ஒரு விவசாயி கத்தினார். கயலின் அப்பா பெஞ்சில் ஏறி, தொண்டை கிழிய மொத்த ஏலத்தையும் முதலிலிருந்து வாயாலேயே விட்டார். இறங்கி வந்தவருக்குக் குரலே இல்லை.

"என்ன ஆச்சு?"

"பந்தியில இலை எடுக்க ஆள் இருக்கும்ல மாமா... இல்லைங்க, ஐயா. அவரு குறுக்க வராருன்னு, அவரு வராத எடத்துல பந்தி போட்டுட்டேன். அங்க இலையை நான்தான் எடுக்கணும்."

"எடுக்கலையா?"

"மறந்துட்டேங்க."

"அப்ப அடுத்த பந்தி எங்க உக்காரும்?"

லேப்டாப்பை மூடினேன்.

மத்தியானம் அவர் வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. காதல் காவிரியோடு போச்சு என்று முடிவுகட்டி எழுந்தேன். விருந்தாளியை இலை எடுக்கச் சொல்வது நம் பக்கம் பெரிய அவமானம்.

"தம்பி, இலையை எடுங்க" என்றார்.

எடுத்தேன். கொல்லையில் போட்டுவிட்டுத் திரும்பினால், மனுஷர் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறி நிற்கிறார். "இப்ப மறக்கலையே! சரி, வீட்டுல பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க."

இன்று எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். சமீபத்தில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணப் பந்தி. இலை எடுக்க வந்தவரை மாமனார் கைகாட்டி நிறுத்தினார்.

"மாப்பிள்ளை இலையைத் தொடாதீங்க. அது உங்க எல்லைக்கு வெளியில இருக்கு."

பந்தியே பார்க்க, இலையோடு எழுந்தேன்.