மாமனாருக்கு நான் கொடுத்த வயது

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை என்று இன்சூரன்ஸ்காரரிடம் எழுதிக் கொடுத்தவள் நான். (எழுதியது அவர், சொன்னது நான். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்குக் கையெழுத்துப் போடவே கால் மணி நேரம் ஆகும். பொய் சொல்லக் கால் நிமிஷம் போதும்.)

எழுபதுகளின் கடைசி. இவருக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. பஹ்ரைனில் ஒரு கம்பெனி மூன்று வருஷத்துக்குக் கூப்பிட்டது. வேலையில் அடிபட்டால் கம்பெனி பார்த்துக்கொள்ளும், சொந்தமாக வருகிற சீக்குக்கு அவரவர் பொறுப்பு என்று தாளில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் சொந்தமாக வருகிற சீக்கு ஒன்று இருந்தது. இழுப்பு. ஸ்ரீவைகுண்டத்தில் இருந்தபோது மாமனார் அதில்தான் போனார், நாற்பத்தெட்டு வயதில். போகும்போது அதை மகனுக்கும் மகளுக்கும் விட்டுவிட்டுப் போனார். பனி விழுந்தால் போதும், இவர் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். கப்பல் கிளம்புகிறதா, இவர் எழுந்திருக்கிறாரா என்று தெரியாமல் நான் காப்பி போட்ட நாள் உண்டு.

அங்கே மணல் காற்றாம். இழுப்பு வந்து படுத்தால் யார் பார்ப்பார்கள்? அதனால் இன்சூரன்ஸ் எடுக்காமல் அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதும் நான்தான். இதை மறந்துவிடாதீர்கள். என் பக்கத்தில் நியாயம் அது ஒன்றுதான் இருக்கிறது.

இன்சூரன்ஸுக்கு டயரி அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் கையில் எப்போதும் ஒரு தடித்த டயரி. முன்பக்கத்தில் பாலிசி. திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்தில் கல்யாணத்துக்கு இருக்கிற பெண் மாப்பிள்ளை விவரம். இரண்டு தொழிலும் ஒரே டயரி, ஒரே வாய். பின்பக்கத்தில் என் நாத்தனார் செல்வக்கனியின் பேரும் இருந்தது. அவளுக்கு இருபது வயது.

அவர் வந்த அன்று இவர் வேலையில் இருந்தார்.

"நீ விவரத்தச் சொல்லு தங்கச்சி. அவன் வந்து கையெழுத்துப் போடட்டும்" என்று பேனாவைத் திறந்தார். "ரெண்டு பாலிசி இருக்கு. பெருசுன்னா சீக்குல படுத்தா ஆஸ்பத்திரிச் செலவு குடுப்பான். சின்னதுன்னா கை, கால், கண்ணு போனா மட்டும்."

"விரலுக்கு?"

"பெருவிரலுக்குத் தனி ரேட்டு."

கறிக்கடையில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"பெருசே போடுங்க அண்ணாச்சி" என்றேன். அந்த நிமிஷம் வரைக்கும் நான் புத்திசாலி.

அடுத்து அவர் கேட்டது: "குடும்பத்துல யாருக்கும் சுகர், இழுப்பு, காக்கா வலிப்பு?"

இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள்தான் கேட்பார்கள். கேட்டால் பதில் ஒன்றுதான். யோசிக்கக் கூடாது. யோசித்தாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அவர் முன்பக்கத்தில்தான் எழுதுகிறார், ஆனால் காகிதம் மெல்லிசு. இங்கே இழுப்பு என்று எழுதினால் அங்கே செல்வக்கனி பேரில் மை ஊறிவிடும்.

"எங்க குடும்பத்துலயா? ஒரு தும்மல் கெடையாது அண்ணாச்சி."

"மாமனார் எப்படிப் போனாரு?"

"சாப்பிட்டுட்டு உக்காந்தாரு. அப்படியே போய்ட்டாரு. அஞ்சு வருசம் ஆச்சு."

"என்ன வயசு?"

நாற்பத்தெட்டு என்று சொல்ல முடியுமா? "தொண்ணூத்திரண்டு."

அண்ணாச்சி விரல் விட்டு எண்ணினார். "போயி அஞ்சு வருசம்னு சொன்னியே. அப்ப செல்வக்கனி பொறக்கயில அவருக்கு எழுவத்தேழுல்லா?"

"பெலமான மனுசன் அண்ணாச்சி."

உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்தது. என் மாமியாருக்கு அப்போது ஐம்பத்திரண்டு.

அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. "கல்லு மாதிரி குடும்பம்! ஏம்மா, இப்பேர்ப்பட்ட உடம்புக்குச் சீக்குப் பாலிசி எதுக்கு? துட்ட ஏன் கரியாக்குத? சின்னதே போதும்" என்று பெரிய பாலிசிக்கான பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தார். கை காலுக்கு ஏற்கெனவே கம்பெனி பொறுப்பு. வேண்டியது பைக்குள் போய்விட்டது, வேண்டாதது கைக்கு வந்துவிட்டது. "இல்லை அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை சொல்ல என் கௌரவம் விடவில்லை. அவர் நீட்டிய தாளின் மேல் கண்ணை ஓட்டி, "எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு" என்றேன். (எனக்குப் படிக்க முடிந்தது 92 மட்டும்.)

அவர் தெருமுனை தாண்டியதும் மாமியார் வெளியே வந்தார். "ஏளா, என்னையக் கொண்டுபோயி ஒரு கெழவனுக்குக் கட்டி வச்சிட்டியே!"

சாயந்திரம் வந்த இவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு விசிலில் போய் முடிந்தது. பிறகு, "இருக்கட்டும். தங்கச்சி கல்யாணம் நடக்கட்டும். என் மூச்சு எங்கன போயிரப்போவுது?" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் சுலபமாகச் சொன்னதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது.

அடுத்த வாரமே கல்லு மாதிரி குடும்பத்தைப் பார்க்க ஆத்தூரிலிருந்து ஆள் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. மாப்பிள்ளையின் அம்மாவும் அண்ணாச்சியும் மத்தியானம் வருவதாகச் சொல்லி, பதினோரு மணிக்கே வந்து நின்றார்கள். நான் அடுப்படியில் பஹ்ரைனுக்கு இட்லிப்பொடி செய்ய மிளகாய் வத்தலை வறுத்துக்கொண்டிருந்தேன். குரல் கேட்டதும் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு சிரித்தபடி வந்து உட்கார்ந்தேன். மூன்று வருஷத்துக்கான வத்தல் பின்னால் தனியாகக் கருகியது.

முதலில் அண்ணாச்சி இருமினார். பிறகு மாமியார். காப்பி கொண்டுவந்த செல்வக்கனி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"வத்தல் நெடிக்கு யாருன்னாலும் இருமத்தான செய்வாவ" என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய்ச் சட்டியை இறக்கிவிட்டு வந்தேன். கதவைத் திறந்தேன். எல்லாருக்கும் இருமல் நின்றது. இவர் மட்டும் இருமவே இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாயை இறுக்கி மூடியிருந்தார். முகம் முதலில் சிவந்தது, அப்புறம் கத்தரிக்காய் நிறம் ஆனது.

எனக்குப் புரிந்துவிட்டது. மூச்சு விட்டால் விசில் கேட்கும் என்று அடக்கிக்கொண்டிருக்கிறார், தங்கச்சிக்காக.

அப்புறம் நான் போட்ட கூச்சல் மூன்று வீடு தள்ளிக் கேட்டதாம். "அத்தான், மூச்ச விடுங்க! செல்வக்கனிக்கு வேற மாப்பிள பாத்துக்கிடலாம், மூச்ச விடுங்க!"

விட்டார். துறைமுகமே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. இரண்டு மூச்சுக்கு நடுவில் அண்ணாச்சியின் டயரி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

நான் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்க்கவில்லை. இவர் முதுகைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தேன். போச்சு, ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள், இனிமேல் அந்தப் பெண்ணை யார் கட்டுவார்கள் என்று கண்ணீர் வந்தது. அப்போது ஒரு கை நீண்டது. முந்தானை முடிச்சிலிருந்து எடுத்த வெள்ளை மாத்திரை ஒன்று அதில் இருந்தது. இவர் தினம் போடுகிற அதே மாத்திரை.

"முழுங்குங்க தம்பி. கால் மணி நேரத்துல கேக்கும்" என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "எம்மவனுக்குந்தாம்மா. எந்த நேரம் வேணும்னு தெரியாதுன்னு முடிஞ்சு வச்சிருக்கேன். ஒங்க வீடு கல்லுன்னு அண்ணாச்சி சொன்னாரு. பேரப்புள்ளைகளாவது நல்லா மூச்சு விடட்டும்னு வந்தேன்."

"ஏமாத்திட்டோம் அக்கா" என்றேன்.

"நாங்களுந்தான ஏமாத்த வந்தோம். ஒங்க பொண்ணுக்கும் உண்டோ?"

"பனிக்காலத்துல மட்டும்."

"அப்பச் சரி. அவளுக்கு வைத்தியம் தெரிஞ்சிருக்கும்லா. எம்மவனப் பாத்துக்கிடுவா."

கல்யாணம் அங்கேயே பேசி முடிந்தது. அண்ணாச்சிதான் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். பைக்குள்ளிருந்து பெரிய பாரத்தை எடுத்து விரித்தார்.

"தங்கச்சி, இப்பவாது சொல்லு. ஒன் மாமனார் எப்படிச் செத்தாரு?"

"இழுப்புதான் அண்ணாச்சி."

"வயசு?"

"நாப்பத்தெட்டு."

"தொண்ணூத்திரண்ட எங்கன இருந்து புடிச்ச?"

நான் கருகிய சட்டியைத் தேய்க்க அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உள்ளதை உள்ளபடி எழுதியதில் டாக்டர் சீட்டு கேட்டார்கள், தவணையும் கூடியது. போகட்டும் என்று கட்டினோம். பஹ்ரைனில் இரண்டு தடவை இவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். இரண்டு தடவையும் பாலிசி கைகொடுத்தது. சின்னதை எடுத்திருந்தால் பெருவிரலைக் காட்டிவிட்டு வந்திருக்க வேண்டியதுதான்.

செல்வக்கனி வீட்டில் மார்கழியில் இரண்டு விசில். ஒருவருக்கு ஒருவர் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யார் எதை மறைத்தாலும், கடனோ காதலோ பரீட்சை மார்க்கோ, "மூச்ச விடு, வேற மாப்பிள பாத்துக்கிடலாம்" என்பார்கள். சம்பந்தமே இல்லாத மருமகன்களும் சொல்கிறார்கள்.

இவருக்குப் போன மாதம் எண்பது முடிந்தது. அன்றைக்கு விசில் கொஞ்சம் பலமாக இருந்தது. பயந்துபோய் முதுகைத் தடவினேன்.

"ஏளா, ஏன் பயப்படுத?" என்றார். "எங்கப்பனுக்குத் தொண்ணூத்திரண்டுன்னு எழுதிக் குடுத்தவ நீதான? அவரு பாவம், அத அனுபவிக்கல. அந்த வயச நான் வாங்கிக்கிட்டேன். இன்னும் பன்னெண்டு பாக்கி கெடக்கு."