முட்டைக்குள் இறக்கிய அச்சம்

ஜூஜுவாடி நெடுஞ்சாலையோரக் கொட்டகையில் ஞாயிறுதோறும் திருவிழா. வந்தோர் நோயாளிகள் அல்லர். பேய் பிடித்தோரும் அல்லர். ஓசூரில் குடியிருந்து பெங்களூரில் நிரல் எழுதிப் பிழைக்கும் மென்பொருள் மேதைகள். நேர்காணலில் நாக்கு ஒட்டிக்கொள்வோர்க்கு அருள்பாலிக்க 'இன்டர்வியூ சித்தர்' முனிவேல் சுவாமிகள் அங்கே எழுந்தருளியிருந்தார். எந்த ஆகமம் சொன்ன மூர்த்தம் இது என்று எவரும் கேட்கவில்லை; டோக்கன் கிடைக்குமா என்றே கேட்டனர்.

வரிசையில் கௌதம் நின்றான். ஆட்குறைப்பில் வேலை இழந்தவன். தனியே அமர்ந்தால் விசைப்பலகையில் விரல்கள் பறக்கும். திரையில் மூவர் தோன்றி, "எழுதுங்க, பாக்கறோம்" என்றால் கற்றதெல்லாம் கரைந்துபோகும். மறுநாள் காலை ஒரு நேர்காணல். தவறவிட்டால் அந்த வேலை வேறொருவனுக்கு. பழைய அலுவலகத் தோழி பொற்கொடி உடன் வந்திருந்தாள்.

சுவாமிகளின் முறை எளியது. முட்டையை நெற்றியில் ஒற்றி அச்சத்தை அதனுள் இறக்க வேண்டும். அவர் முன்னே இரண்டு நீர்க்குடங்கள். இடப்புறக் குடத்தில் அது மிதந்தால் அச்சம் உயிரோடிருக்கிறது. சிறப்புப் பூசைக்குப் பின் அதே முட்டை வலப்புறக் குடத்தில் மூழ்கும், அச்சம் மடிந்தது! கௌதமின் முட்டை இடக்குடத்தில் தெப்போற்சவமே நடத்தியது.

"பயம் முத்திப்போச்சுப்பா. நாளைக்குப் போனா வாய் கட்டிக்கும். ஒரு மண்டலம் பூஜை பண்ணிட்டு அப்புறமா வேற எடம் பாரு."

"சரிங்க சாமி. வரலன்னு மெயில் போட்டுடறேன்." கௌதம் கைபேசியை எடுத்தான்.

"உள்ள வைடா அத!" என்றாள் பொற்கொடி. "ஆபீஸ்ல புரோகிராம்ல பக் வந்தா இன்னா பண்ணுவ? ஒண்ண மட்டும் மாத்திப் பார்ப்ப இல்ல? இங்க பூஜையும் மாறுது, குடமும் மாறுது. எது வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்?"

நாள் முழுதும் அதையே தொழிலாகச் செய்வோர் அத்தனை பேரும், செருப்போடு அந்தப் பழக்கத்தையும் வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தனர்.

மிதந்த முட்டையை அவள் எடுத்து, பூசையின்றியே வலக்குடத்தில் இட்டாள். கல்லாய் அமிழ்ந்தது. மீண்டும் இடக்குடத்தில் இட்டாள். மிதந்தது.

"இன்னா சாமி, பயம் அதுக்குள்ள செத்துப் பொழச்சுடுச்சா?"

"தொடாதம்மா! தீட்டாயிடும்!"

"அப்ப நீங்களே தொடுங்க. பயமே இல்லாதவரு, உங்க முட்டை எங்க போட்டாலும் முழுகணும் இல்ல?"

சுவாமிகள் மறுத்தார், வரிசை விடவில்லை. "போடுங்க சாமி, பாக்கலாம்!" அவருடைய முட்டையும் இடக்குடத்தில் கம்பீரமாக மிதந்தது. கௌதம் அந்நீரில் விரல் நனைத்து நாவில் வைத்தான்.

"த்தூ! உப்பு!"

"கல்லுப்பக் கரைச்சு வெச்சிருக்காரு. எவன் முட்டையானாலும் மிதக்கும்டா," என்றாள் பொற்கொடி.

அன்று தமக்கு மௌன விரதம் என்பது சுவாமிகளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அப்போ என் பயம்?" என்றான் கௌதம்.

"அது இருக்கும்டா. எனக்கும்தான் இருந்துச்சு. வா, நான் கேள்வி கேக்கறேன்; யோசிக்கறத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே எழுது. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. நாளைக்கு அவங்க மொறச்சா, ரெண்டு நிமிஷம் குடுங்கன்னு கேளு. கேட்டா யாரும் கடிக்க மாட்டாங்க."

தேநீர்க்கடைப் பெஞ்சில் மாலை வரை அவன் திக்கித் திக்கி எழுதினான். மறுநாள் நேர்காணலில் நடுங்கிக்கொண்டேதான் அமர்ந்தான். நடுங்கிக்கொண்டே விடையையும் எழுதி முடித்தான்.

அந்த ஞாயிறன்று கொட்டகைக் கூட்டமோ, உப்பு அம்பலமான பின்னும் கலைய மனமின்றி நின்றிருந்தது. "நான் சைவங்க, எலுமிச்சம்பழத்துல பார்ப்பாங்களா?" என்று விசாரித்தார் ஒருவர். கும்பிடக் கைகளைத் தந்த கடவுள், அவற்றுக்கு மேலே ஒரு தலையையும் வைத்தது திருநீறு பூச மட்டும் அன்று, பெருமக்களே!