ஒற்றைப் புருவ மாப்பிள்ளை

டாக்டருக்குப் படித்த பெண் இருக்கிற வீட்டில் மற்றவர்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. இதற்கு என் அண்ணன் முருகேசனின் இடது புருவமே சாட்சி.

எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் டாக்டர் படிப்பை முடித்து, திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனை கிளினிக்கில் சேர்ந்த புதிது. (தெருவில் யார் தும்மினாலும் நின்று விசாரிக்கிற பருவம்.) அன்று அண்ணனுக்குக் கொடைரோட்டில் பெண் பார்க்கப் போக வேண்டும். பூட்டுக்கடை வைத்திருந்த அவனுக்கு அதற்கு முன் வந்த நல்ல இடங்களெல்லாம், "மாப்பிள்ளை உம்மணாமூஞ்சியா இருக்காரு" என்று தட்டிப்போயிருந்தன. இந்த முறையாவது முகமலர்ச்சியோடு இருக்க வேண்டுமென்று, காலையிலிருந்தே ஜன்னலோரக் கண்ணாடியில் புருவத்தைத் தூக்கிச் சிரித்துப் பழகிக்கொண்டிருந்தான்.

"ஏலே, எமகண்டம் வந்துரும்டா!"

அம்மா போட்ட சத்தத்தில் படக்கென்று திரும்பினான். திறந்திருந்த ஜன்னல் கதவின் முனை இடது நெற்றிப்பொட்டைக் கிழித்துவிட்டது. ரத்தம் பீச்சியடித்தது.

"ஆத்தாடி, கெளம்புற நேரத்துல ரத்தமா! பொண்ணு வீட்டுல தெரிஞ்சா சகுனம் சரியில்லைன்னு எந்திரிச்சிருவாக. ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது!" என்றாள் அம்மா.

துண்டால் அழுத்திப் பிடித்தபடி கிளினிக்குக்கு ஓடினோம். பெரிய டாக்டர் ஊரில் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளூர ஒரே குதூகலம். நெற்றிப்பொட்டு எனக்குத் தலைகீழ்ப் பாடம். மேலே தோல், அடுத்து கொஞ்சம் கொழுப்பு, அதன்கீழ் துடிக்கிற ரத்தக்குழாய் ஓடும் மெல்லிய சவ்வு, அதற்கும் அடியில் மெல்லுவதற்கான தசை. கன்ன எலும்பைத் தாண்டிப் புருவத்துக்கு ஏறுகிற நரம்பு அந்தச் சவ்வை ஒட்டியே போகும். ஆகையால் அங்கே ஊசி மேலாக, கொஞ்சமாகத்தான். வாய்மொழித் தேர்வில் இதை மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பாராட்டு வாங்கியவள் நான்.

"வலிக்குமாத்தா?" என்றான் அண்ணன்.

அவ்வளவுதான், படித்ததெல்லாம் பறந்துவிட்டது. கூடப் பிறந்தவனுக்கு வலிக்கலாமா? மரத்துப்போகும் மருந்தைச் சிரிஞ்சு நிறைய எடுத்து, ஆழமாகவும் தாராளமாகவும் புருவத்துப் பக்கமாக இறக்கினேன். (பந்தியில் சொந்தக்காரருக்கு நெய் ஊற்றுவது மாதிரி.) ரத்தக்குழாயைக் கட்டித் தையல் போட்டு, முடியை இழுத்துவிட்டு மறைத்தேன். அந்தக் காலத்து ஆண்கள் காதை மூட முடி வளர்த்தது எவ்வளவு உபகாரம்!

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல," என்றான் அண்ணன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாடகைக் காரில் காந்திகிராமம் தாண்டும்போது ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. அண்ணன் திடுக்கிட்டுப் புருவத்தை உயர்த்தினான். வலது புருவம் ஏறியது. இடது புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது.

மனசுக்குள் அவசரமாகப் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். மருந்தில் நரம்பு மரத்திருந்தால் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். என் ஊசியோ தையலோ நரம்பையே பதம் பார்த்திருந்தால், ஆயுசுக்கும் அப்படித்தான்.

"அண்ணே, அங்க போயி சிரிக்காத," என்றேன் மெதுவாக.

"அடியேய், காலையிலருந்து அதுக்குத்தான பழகுறேன்!"

பெண் காபியோடு வந்தாள். பெயர் செல்வி. அண்ணன் பழகிய சிரிப்பை முழுசாகச் சிரித்தான். வலது புருவம் மட்டும் ஜம்மென்று மேலே போய் நின்றது.

"என்ன, மாப்பிள்ளை ஒத்தப் புருவத்தத் தூக்கிச் சண்டைக்கு வாராப்ல பாக்குறாரு?" என்றாள் பெண்ணின் அத்தை.

"அது அவுக அப்பா ஜாடை," என்றாள் அம்மா, கண் சிமிட்டாமல். உடனே அப்பாவும் ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக் காட்ட முயன்றார். முகம் முழுக்கக் கோணிக்கொண்டதுதான் மிச்சம்.

கை கழுவும் சாக்கில் நான் கொல்லைப்பக்கம் நழுவினேன். பின்னாலேயே செல்வி வந்தாள்.

"உங்க அண்ணன் எப்பவுமே இப்படித்தான் பாப்பாரா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல், ரத்தம், ஊசி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "தப்பு என்னோடது. அண்ணன் தங்கமானவன். அவன வேண்டாம்னு சொல்லிராதீக."

"சரியாயிருமா?"

"சாயங்காலத்துக்குள்ள… ஆயிரும்னு நெனைக்கிறேன்."

"ஆகலேன்னா?"

நான் கழுவின கையையே மறுபடி கழுவினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "ஆகலேன்னாலும் பரவால்ல. நல்லாத்தான் இருக்கு. ரத்தம் வந்தத மட்டும் எங்க அத்தைகிட்ட சொல்லிராதீக, சகுனம் பாப்பாக."

திரும்பும் வழியில், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில், "பொண்ணுக்குச் சம்மதமாம்டா" என்று அம்மா சொன்னாள். அண்ணன் ஆச்சரியத்தில் புருவத்தை உயர்த்தினான். வலது ஏறியது. பின்னாலேயே, தூக்கத்திலிருந்து எழுந்தது போல, இடதும் மெல்ல ஏறியது. நான் காரிலேயே ஓவென்று அழுதேன். என்ன ஏதென்று அண்ணனுக்கு அன்றைக்கு விளங்கவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் அண்ணிதான் சொன்னாள்.

இன்றுவரை, யாருக்கு நெற்றிப்பொட்டில் ஊசி போட்டாலும் முதலில் புருவத்தைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன். அண்ணனின் புருவம் இரண்டும் இப்போது நரைத்துவிட்டன. ஆனாலும் வீட்டில் சண்டை வந்தால் அண்ணி எனக்குப் போன் போட்டுவிடுவாள்.

"டாக்டரம்மா, நான் சரின்னு சொன்னது ஒத்தப் புருவத்தத் தூக்கின மாப்பிள்ளைக்கு. ரெண்டையும் தூக்கிக்கிட்டுக் கத்துற இந்த ஆளு யாருன்னே தெரியல. வந்து அந்த ஊசிய மறுக்காப் போட்டுட்டுப் போங்க!"