தலைவர் பெயரில் ஓர் உறக்கம்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது நெருப்போ சக்கரமோ அன்று. அடுத்தவரைக் காத்திருக்க வைப்பதுதான். அந்த அருங்கலையைக் கணினிக்குள் குடியேற்றிய பெருமை, ஒட்டன்சத்திரத்துக்கு வெளியே பழனி சாலையில் இயங்கும் எங்கள் 'முப்போகம் காய்கறி விளைவிப்போர் முன்னேற்றச் சங்க'த்தையே சாரும். அதன் செயலாளன் என்ற முறையில் இச்சாதனையை வருங்காலத்துக்குப் பதிவுசெய்து வைப்பது என் கடமை.

எங்கள் கிடங்கிலிருந்து கேரளா போகும் ஒவ்வொரு லாரிக்கும் கேட் பாஸ் வேண்டும். பாஸ் எண்கள் எல்லாம் எங்கள் லினக்ஸ் கணினியில் ஒரே கோப்பில் ஏறும். முன்பு இரண்டு பேர் ஒரே சமயத்தில் அதில் எழுதப் போய், ஒரே எண்ணில் வெங்காயமும் முருங்கைக்காயும் புறப்பட்டுச் சென்ற சோக வரலாறு உண்டு. அதைத் தடுக்க, சின்னாளப்பட்டியிலிருந்து வந்துபோகும் எங்கள் கணினிப் பொறுப்பாளர் ஜீவிதா, கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினார். அதன் பெயர் 'ஃப்ளாக்'.

"ஒருத்தர் எழுதி முடிக்கிற வரைக்கும் கோப்பு பூட்டிக்கிடும் சார். அடுத்த ஆளு காத்திருப்பாங்க. முதல் ஆளு வேலை முடிஞ்சதும் பூட்டு தானா விட்டுரும்" என்றார்.

திண்டுக்கல் மாவட்டத்துக்குப் பூட்டு புதிதன்று. ஆனால் அந்தப் பூட்டுகளுக்கெல்லாம் சாவி என்றொரு பலவீனம் இருந்தது. இதற்கு அதுவும் இல்லை.

திறப்பு விழாவில், திரைக்குக் குறுக்கே கட்டிய ரிப்பனை வெட்டிய தலைவர் ஆண்டிச்சாமி, தமது நிர்வாக மேதைமை துலங்க ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆமா, பூட்டை வச்சிருக்கவன் விடலைன்னா?"

"மத்தவங்க காத்துக்கிட்டே இருக்கணும் சார்."

"எம்புட்டு நேரம்?"

"அவர் விடுற வரைக்கும்."

தலைவரின் முகம் மலர்ந்தது. கணினியின் தலையை அன்போடு தடவினார். "இம்புட்டு வருசமா எங்க இருந்த அப்பு?"

ஜீவிதா சும்மா இருந்திருக்கலாம். "பூட்டு கிடைக்கலைன்னா உடனே 'இல்லை'ன்னு சொல்லித் திருப்பி அனுப்புற மாதிரியும் வைக்கலாம் சார். இல்லேன்னா செத்த நேரம் பாத்துட்டு..."

"இல்லைன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்றதா? நம்ம சங்கத்துல என்னைக்காச்சும் யாருக்காச்சும் அப்படிச் சொல்லியிருக்கமா? காத்திருக்கச் சொல்லும்மா. அதுதான் மரியாதை."

அத்தோடு ஓர் ஆணையும் பிறப்பித்தார். "பஸ்ஸு நிக்கிறதுக்கு முன்னாடியே சன்னல் வழியாத் துண்டைப் போட்டு எடம் பிடிக்கிறோமில்ல? அது மாதிரி, காலையில ஆபீஸ் தொறந்ததும் எம்பேர்ல ஒரு பூட்டைப் போட்டு வச்சிரு. நான் வந்து எடுத்துக்கிறேன்."

"பூட்டைப் பிடிச்சுக்கிட்டு ஏதாவது ஒரு வேலை ஓடிக்கிட்டே இருக்கணும் சார். என்ன வேலை போடட்டும்?"

"நான் என்ன வேலை பாக்குறனோ, அதையே போடு."

ஜீவிதா சிறிது யோசித்தார். பிறகு 'ஸ்லீப் இன்ஃபினிட்டி' என்று தட்டினார். முடிவே இல்லாமல் உறங்கு என்று பொருள்.

அன்று தொடங்கி, தலைவர் பெயரிலான உறக்கம் தினமும் காலையில் பூட்டைக் கட்டிக்கொண்டு படுத்தது. தலைவர் வந்து எழுப்பினால்தான் மற்றவர்களுக்கு பாஸ்.

ஒரு முகூர்த்த நாளில் தலைவர் காதுகுத்துக்காகப் பழனி போயிருந்தார். நெய்க்காரப்பட்டிப் பக்கத்து விவசாயி முனீஸ்வரி, தோட்டத்துத் தக்காளி மொத்தத்தையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். நன்றாகப் பழுத்த தக்காளி. இருட்டுவதற்குள் பாலக்காடு வந்து சேர்ந்தால் எடுத்துக்கொள்வதாகவும், பிந்தினால் வேறு சரக்கு பார்த்துக்கொள்வதாகவும் வியாபாரி சொல்லியிருந்தார்.

ஜீவிதா பாஸ் கேட்டுத் தட்டினார். திரை ஒன்றும் சொல்லவில்லை. காத்திருந்தது. வெயிலும் ஏறியது.

"ஏனுங்க சார், என்ன ஆச்சுங்க?" என்று முனீஸ்வரி சன்னலருகே வந்தார்.

"ஒன்றும் ஆகவில்லையம்மா. அதுதான் இந்த ஏற்பாட்டின் சிறப்பு" என்றேன்.

ஜீவிதா என் பக்கம் திரும்பினார். "அந்தத் தூக்கத்தை நிறுத்திட்டா பூட்டு விட்டுரும் சார். ரெண்டு செகண்டு வேலை. நிறுத்தவா?"

தலைவர் பெயரில் உறங்குவதைத் தலைவர் அனுமதியின்றி எழுப்புவதா? உடனடியாக 'அவசர ஆலோசனைக் கூட்டம்' கூட்டினேன். வடை வந்தது. தலைவரை ஃபோனில் கேட்கலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். நாதஸ்வரத்துக்கு நடுவே தலைவர் கர்ஜித்தார்.

"துண்டு போட்ட சீட்டுல எவனாச்சும் உக்காருவானாய்யா? நான் வாரேன். அதுவரைக்கும் எவனும் அதைத் தொடக் கூடாது!"

வரலாறு காணாத ஒழுங்கு. லாரிகள் வரிசையாக நின்றன. முனீஸ்வரியின் லாரிக்கடியில் தரை சிவப்பாக நனைந்தது. அப்போதுதான் தக்காளி ஏற்றிய வேறொரு லாரி, வரிசையைத் தாண்டி வந்து, காவலாளியிடம் பாஸை நீட்டிவிட்டு வெளியேறியது. பின்னாலேயே இன்னொன்று. இரண்டின் முகப்பிலும் 'ஆண்டிச்சாமி துணை' என்று எழுதியிருந்தது.

"ஏனுங்க, அந்த வண்டிகளுக்கு மட்டும் எப்படிங்க பாஸ் வந்துச்சு?" என்றார் முனீஸ்வரி.

ஜீவிதா திரையைப் பார்த்தபடியே சொன்னார். "தலைவர் வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்து அதே கோப்புல நேரா எழுதி பாஸ் எடுத்துக்கிறாங்கக்கா. பூட்டு இருக்கான்னு அவங்க கேக்கவே இல்லை."

"கேக்கலைன்னா பூட்டு தடுக்காதுங்களா?"

"தடுக்காதுக்கா. இந்தப் பூட்டு வெறும் ஒப்பந்தம். எழுதலாமான்னு கேக்குறவங்களைத்தான் நிறுத்தும்."

முனீஸ்வரி என்னைப் பார்த்தார். "அப்போ, கேட்டது என் தப்புங்களா சார்?"

நான் அடுத்த வடையை எடுத்துக் கடித்தேன்.

பொழுது சாயத் தலைவர் சந்தனப் பொட்டோடு வந்து, தம் திருக்கரத்தால் இரண்டு விசைகளை அழுத்தி உறக்கத்தைக் கலைத்தார். கைதட்டினோம். முதல் பாஸை முனீஸ்வரியிடம் அவரே வழங்கும் காட்சி படமெடுக்கப்பட்டது. படம் எடுத்து முடிப்பதற்குள் பாலக்காட்டு வியாபாரி ஃபோனில் கூப்பிட்டுவிட்டார். தக்காளி வேண்டாமாம். ஆண்டிச்சாமி லாரிகளில் வந்து இறங்கிவிட்டதாம்.

முனீஸ்வரி பாஸை நான்காக மடித்துத் தலைவரின் சட்டைப் பையில் செருகினார். "நீங்களே வச்சுக்கோங்க. கேக்காமயே இது கிடைக்கிற வண்டி உங்களுதுதானுங்க" என்று சொல்லிவிட்டு, லாரியைக் குப்பைக் கிடங்குப் பக்கம் திருப்பச் சொன்னார்.

சங்கத்தின் இந்த ஆண்டு அறிக்கையில் நான் பெருமிதத்தோடு எழுதியிருக்கிறேன்: 'புதிய பூட்டு வந்தபின் ஒரு கோப்புகூடக் கெடவில்லை.' உண்மை, கெட்டது தக்காளிதான். இன்னொன்றையும் சேர்த்திருக்க வேண்டும். கேட்டு நின்றவர் ஒருவரைக்கூட வெளியே விடாத, கேட்காமல் போனவர் ஒருவரைக்கூடத் தடுக்காத இப்படியொரு பூட்டை, ஜீவிதா வருவதற்கு வெகுகாலம் முன்பே நாங்கள் செய்து வைத்திருந்தோம். வாசல் பலகையில் அதைச் 'சங்கம்' என்று எழுதியிருக்கிறோம்.