பெரிய பேட்டரிக்கு இன்னும் நாள் வரவில்லை

பேட்டரியை வாங்குகிறவர்கள் உண்டு, பயன்படுத்துகிறவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: பேட்டரியைக் காப்பாற்றுகிறவர்கள். உங்கள் தெருவிலும் பார்த்திருப்பீர்கள். சத்தியவேட்டை அடுத்த மாந்தோப்புப் பக்கத்தில் அந்த இனத்தின் குறையற்ற மாதிரி ஆதிநாராயணன்.

கிளை கழிக்க அவர் ஒரு பேட்டரி ரம்பம் வாங்கினார். பிளேடு முன்னும் பின்னும் ஓடும், ஒயர் கிடையாது. ரம்பத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு மதியம் போதுமாயிருந்தது. பேட்டரிக்குத்தான் ஒரு கோடையே போயிற்று. சின்னது கைக்கு இலகு, ஆனால் சீக்கிரம் தீரும். பெரியது கனம், ஆனால் பருத்த கட்டையையும் விடாமல் அறுக்கும். வோல்ட் எது, ஆம்பியர் எது என்று தெரியாதவர்களை நம்பி ஒரு மாமரத்தை எப்படி ஒப்படைப்பது என்று திருப்பதிக் கடையில் நின்று, கடைக்காரருக்கும் சேர்த்து வகுப்பெடுத்து, கடைசியில் இரண்டையும் வாங்கிவந்தார். சின்னதை ரம்பத்தில் மாட்டினார். பெரியதை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, கல்யாணப் பட்டு வேட்டியில் சுற்றி, பீரோவில் வைத்தார்.

"அது எப்போ போடறதுக்கு?" என்றாள் மனைவி ஸ்ரீதேவி.

"தேவைன்னு வந்தா."

வந்தது. மகள் கீர்த்திக்கு ஸ்ரீ சிட்டி கம்பெனியில் முதல் நாள். காலைக் காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. கம்பெனி வேன் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பவும், தொடைப் பருமன் புளியங்கிளை ஒன்று மடாரென்று முறிந்து ரோட்டை மறித்து விழவும் சரியாக இருந்தது.

ஆதிநாராயணன் ரம்பத்தோடு ஓடினார். இதற்காகத்தானே அவர் பிறந்தது! பிளேடு பாதிக் கட்டை வரை பாடிக்கொண்டே போயிற்று. அங்கே சின்ன பேட்டரி கண்ணை மூடிவிட்டது.

"அண்ணா, தொந்தரகா! சீக்கிரம்!" வேன் டிரைவர் முரளிதரன் தலையை நீட்டினான். "லேட்டானா முதல் நாளே கேட்டுல நிறுத்திடுவாங்க!"

"அரை மணி பொறு. சார்ஜ் ஏத்திடறேன்."

"இன்னாய்யா, பீரோவுல ஒண்ணு தூங்கிக்கினு கீதே!" என்றாள் ஸ்ரீதேவி.

"பாதி அறுத்த கட்டைக்குப் போயி அதைப் போடுவாங்களா?"

"அப்போ மீதியைக் கடிச்சுத் துன்னு!"

"நைனா, ஷிப்ட் போய்டும் நைனா!" வேனுக்குள்ளிருந்து கீர்த்தி.

மகள் நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்று அவருக்கும் இல்லாமலில்லை. ஆனால் பெரிய பேட்டரியின் அரங்கேற்றம் ஒரு பாதிக் கிளையிலா? அதற்கென்று ஒரு முழு மரம் விழ வேண்டாமா? நாளைக்கே விழுந்தால்?

அவர் முடிவெடுப்பதற்குள் ஸ்ரீதேவி வீட்டுக்கு ஓடிப்போய் வந்துவிட்டாள். பட்டு வேட்டி தோளில், பேட்டரி கையில். 'டக்'கென்று மாட்டி, ரம்பத்தை அவர் கையில் திணித்தாள். இரண்டு மூச்சு. கட்டை துண்டாயிற்று. வேனிலிருந்தவர்கள் இறங்கி உருட்டித் தள்ளினார்கள். வேன் பறந்தது.

ஆதிநாராயணன் ரோட்டிலேயே மண்டியிட்டு, பேட்டரியில் சார்ஜ் காட்டும் பொத்தானை அழுத்தினார்.

"நாலு லைட்டும் எரியுதுடி! ஒண்ணுகூட குறையலை!"

"உம் பொண்ணு திருப்பம் வரைக்கும் கையாட்டிக்கினே போச்சு, பார்த்தியா?"

அவர் நிமிர்ந்தார். ரோட்டில் புழுதிதான் இருந்தது.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் உங்கள் அலமாரியில், அட்டைப்பெட்டியைவிட்டு இறங்காத அந்தப் பீங்கான் தட்டுகள், எந்த விருந்தாளிக்காகக் காத்திருக்கின்றன?